வெள்ளை வந்தால் சொந்தம்

நாற்பத்தொரு பக்க அறிக்கையின் கடைசியில் வாடகைக்கு ஐம்பது மதிப்பெண், சொந்தத்துக்கும் ஐம்பது மதிப்பெண் என்று வந்து நின்றபோது திருநாவுக்கரசுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமல்லபுரம் விடுதிகளில் எந்த அறை காலி என்று பயணத் தளங்களுக்குச் சொல்லும் சின்ன நிறுவனம் அது. அலுவலகம் செங்கல்பட்டில். தளங்களின் கம்ப்யூட்டர் கேட்கும், இவர்கள் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதில் போய்வரும் வழிக்குத்தான் ஏபிஐ என்று பெயர். கேட்பது யார், எத்தனை முறை கேட்கலாம், யாரை விரட்டலாம் என்று பார்க்க வாசலில் ஒரு கேட்வே வேண்டும். அதை வெளியாரிடம் வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாகக் கட்டுவதா? மேனேஜர் திருநாவுக்கரசு வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும். இன்று வியாழன்.

"தப்பாச்சுன்னா எங்க போவணும்னு தெரியும்ல?" என்று முதலாளி பூபாலன் கண்ணாலேயே ஒரு மூலையைக் காட்டியிருந்தார்.

அங்கே, ஒழுகும் ஏசிக்கு அடியில் புகார் டெலிபோன் இருந்தது. மூன்று வருடமாக அதற்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருந்தார். "பாத்ரூம்ல தண்ணி வரலன்னா நாங்க இன்னா சார் பண்ணுவோம்? நாங்க கம்ப்யூட்டர் சார்" என்று ஒரு நாளைக்கு முப்பது முறையாவது சொல்வார்.

"சொந்தமாவே கட்டிரலாம் சார். நானே கட்டுறேன்" என்றான் புரோகிராம் எழுதும் பிரவின்குமார்.

"கட்டிட்டு, ஞாயித்துக்கிழமை அது படுத்துக்கிட்டா யாருக்கு போன் வரும்? எனக்கு. வாடகைக்கே எடுங்க சார்" என்றாள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அனு.

திருநாவுக்கரசு 'நம்பிக்கை' என்று புதிதாக ஒரு தலைப்பைச் சேர்த்தார். அதிலும் இரண்டுக்கும் பாதிப் பாதிதான் போட முடிந்தது. அறிக்கை நாற்பத்திரண்டு பக்கமானது.

கூடுவாஞ்சேரி வீட்டில் அதை மனைவி பிரதீபா கையில் தூக்கிப் பார்த்தாள். படிக்கவில்லை.

"இதுக்குப் போயி இவ்ளோ பேப்பரா? பூ கட்டிப் பாருங்க. நம்ம வீட்டு டைல்ஸையே அப்படித்தான முடிவு பண்ணோம்?"

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பிள்ளையார் கோயில் வாசலில், பூக்காரி காசியம்மாள் முன்னால் திருநாவுக்கரசு போய் நின்றார்.

"ரெண்டு பொட்டலம் வேணும்மா. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு."

"வெள்ளை எதுக்கு?" காசியம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"சொந்தத்துக்கு" என்று அவர் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவள் திரும்பி உட்கார்ந்து, பூவை இலையில் மடித்து நூல் சுற்றிக் கொடுத்தாள். பிள்ளையார் காலடியில் இரண்டையும் வைத்து, அம்மாவோடு கும்பிட வந்த ஒரு குட்டிப் பெண்ணை ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

திருநாவுக்கரசு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், 'ஆழ்ந்த ஆய்வுக்குப் பின், சொந்தம்' என்று எழுதினார்.

பிரவின்குமார் இரண்டே வாரத்தில் கட்டி முடித்தான். முதல் நாள் அந்தக் கேட்வே யாரையும் உள்ளே விடவில்லை. பூபாலனையும் விடவில்லை.

"பாதுகாப்புன்னா இதான் சார்!" என்றான் பிரவின்குமார் பெருமையாக.

கொஞ்சம் தளர்த்தச் சொன்னார்கள். தளர்த்தினான். இப்போது எல்லாரையும் விட்டது. கூட்டம் தாங்காமல், காலையில் சொன்ன பதிலையே நாள் முழுக்கச் சொன்னது. காலையில் சொன்ன பதில், 'காலி'.

கடற்கரை விடுதிக்கார மோசஸ் போன் செய்தார். ஸ்டான்லி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"யோவ், பன்னண்டு ரூம்தான்யா கீது! வாசல்ல நாலு வேன் நிக்குது. எல்லாரையும் போட்ல படுக்க வெக்கட்டுமா?"

உடனே, நிமிடத்துக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் என்று பிரவின்குமார் கட்டுப்பாடு போட்டான். தீபாவளிக்கு அறை கேட்டவருக்குப் பொங்கலுக்குப் பதில் வரும் போலிருந்தது.

"நம்ம கேட்வேக்கு முன்னாடி ஒரு வாடகை கேட்வே வச்சிருங்க சார். அது இதைப் பாத்துக்கும்" என்றாள் அனு.

திருநாவுக்கரசு அதையும் வைத்தார். வாடகை கேட்வே சொந்த கேட்வேயைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டது. சொந்தம், 'அதைக் கேட்க நீ யார்?' என்றது. சாயங்காலத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று நான்கு லட்சம் முறை விசாரித்துக்கொண்டன. நடுவில் ஒரு வாடிக்கையாளரும் நுழைய முடியவில்லை. 'இந்த மாதம் மிக வேகமாக வளரும் நிறுவனம் நீங்கள்தான்' என்று கேட்வேயை வாடகைக்கு விட்டவர்களிடமிருந்து வாழ்த்து மெயில் வந்தது.

அதோடு பூபாலனும் வந்தார். கையில் நாற்பத்து மூன்றாம் பக்கம்.

"ஆழ்ந்த ஆய்வுன்னு போட்டுக்கீற. அது இன்னா ஆய்வு? காட்டு."

திருநாவுக்கரசு மீதி நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினார். மூலையில் ஸ்டான்லி அவருக்காக ஒரு நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"பூ... பூ கேட்டேன் சார்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். பூபாலன் குரலோ குழைந்தது.

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கின்னா? பூ சொன்னா தப்பாவாதுய்யா. நீதான் நடுவுல வாடகைய நுழைச்சு கெடுத்துட்ட. உன்ன மேனேஜரா போட்டதே பூ கேட்டுத்தான். உனுக்கு வெள்ளை, ஸ்டான்லிக்கு செகப்பு. வெள்ளைதான் வந்துச்சு!"

நாற்காலியைத் துடைத்த கை அப்படியே நின்றது.

எந்த கேட்வேயைத் தூக்கிப் போடுவது என்று கேட்க எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். "சொந்தம் இருக்கணும்னா வெள்ளை, வாடகை இருக்கணும்னா செகப்பு" என்று பூபாலனே சொல்ல, காசியம்மாள் மடித்துக் கொடுத்தாள். யாரோ ஒரு குழந்தை எடுத்தது. வெள்ளை!

"பாத்தியா!" பூபாலன் திருநாவுக்கரசின் தோளில் தட்டினார். மேனேஜர் நாற்காலி தப்பியது.

ஸ்டான்லி வெளியே பூக்கடை ஓரமாக நின்றிருந்தார். மிஞ்சிய பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "அந்தக் கூடையில போட்டுடு" என்றார் பூபாலன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டான்லிக்கு, மிஞ்சியதைப் பிரிக்காமல் போட்டுவிடும் வழக்கமெல்லாம் தெரியாது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று நூலைப் பிரித்துவிட்டார்.

நந்தியாவட்டை. வெள்ளை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காசியம்மாள் பூ தொடுப்பதை நிறுத்தவில்லை.

"இன்னா நைனா அப்டி பாக்குறீங்கோ? கேக்க வர்ற அல்லாரும் மனசுக்குப் புடிச்சதுக்குத்தான வெள்ளைய சொல்றீங்கோ, அதான் பதினாலு வருசமா ரெண்டுலயும் வெள்ளையே கட்டிக்கினு கீறேன். இன்னொண்ண பிரிச்சுப் பாத்த மொத ஆளு இவருதான்!"