ஆகாசம் அண்ணனின் கழுத்து

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆகாசம் அண்ணனைப் போல இன்னொரு பிடிவாதக்காரர் இனிமேல் பிறந்து வந்தால்தான் உண்டு. எங்கள் கம்பி ஆலையில், கூரையை ஒட்டி ஓடும் கிரேனுக்கு அவர் ஆபரேட்டர். எந்நேரமும் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஆகாசம் என்றார்களே தவிர, மனிதர் பார்த்ததெல்லாம் தரையைத்தான். கேபினிலிருந்து குனிந்து, கீழே நிற்கும் என் கையைப் பார்த்துப் பார்த்து லோடு தூக்குவார். நான் அவருடைய சிக்னல்காரன்.

எங்கள் சட்டம் எளிது. விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்து மெல்ல அசைத்தால் இறக்கு. இதெல்லாம் நான் காட்டினால்தான் செல்லும். ஆனால் கையை விரித்து ‘நில்’ என்று யார் காட்டினாலும், முதலாளியோ பெருக்க வருகிறவரோ, கிரேன் அங்கேயே நிற்க வேண்டும்.

அண்ணன் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். வாசலில் அண்ணி டாட்டா காட்டினால் பைக்கை அணைத்துவிடுவார். பெரியபாளையத்தில் ஒரு கல்யாணம். ஆசீர்வதிக்க ஒரு பெரியவர் கையைத் தூக்க, காலில் விழப்போன அண்ணன் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். கட்சி பேனரில் கையசைக்கும் தலைவருக்குக்கூட பிரேக் போடுவார். பின்னால் வரும் லாரிக்காரன் திட்டுவதெல்லாம் பின்சீட்டில் இருக்கும் என் காதில்தான் விழும்.

“இன்னாண்ணே, பேனருக்கெல்லாம் நிக்கிற?”

“கை காட்னா நிக்கணும்பா. காட்னது யாருன்னு பாத்துக்கினு இருந்தா, லோடு எவன் தலைமேலயாவது எறங்கிடும்.”

அப்படிப்பட்டவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் இடது பக்கம் திரும்பவில்லை. பிறகு வலது பக்கமும் அடைத்துக்கொண்டது. தலை குனிந்தது குனிந்தபடி நின்றது. ஒருநாள் நான் ‘நில்’ காட்டினேன். நான் ஓரமாக நகர்ந்திருந்ததால் அவரால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. கம்பிக் கட்டு என் ஹெல்மெட்டை உரசுவது போல வந்தது. தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன்.

அண்ணன் ஏணியில் இறங்கி வந்தார். “உன்ன சாவடிச்சிருப்பேன்பா” என்றார்.

விஷயம் மேலே போனது. அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை, அதுவரை கிரேன் ஏறக்கூடாது என்றார்கள். அதில் கழுத்தைத் திருப்பிக் காட்டாவிட்டால் நிரந்தரமாக வாசல் காவலுக்குப் போக வேண்டும். அண்ணன் நேராக சலூனுக்குக் கிளம்பினார்.

“கழுத்துல ஒரு சொடக்கு எடுத்தா சரியாப்பூடும்.”

கையைப் பிடித்து இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பிலும் நரம்பிலும் பெரிய கோளாறில்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தார். திருவள்ளூரில் கைரோபிராக்டிக், அதாவது கையாலேயே மூட்டைத் தளர்த்தும் சிகிச்சை பார்க்கும் ஒரு அம்மா இருக்கிறார், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார்.

அந்த அம்மா எடுத்த எடுப்பில் கழுத்தில் கை வைக்கவில்லை. கை மரத்துப் போகிறதா, தலை சுற்றுகிறதா, எங்காவது விழுந்தீர்களா என்று குடைந்தெடுத்தார். பிறகு விளக்கினார். “தல நேரா இருந்தா கழுத்துக்கு பாரம் தெரியாது. முன்னாடி தொங்கத் தொங்க பாரம் ஏறும்.”

“பூம, அதான் அந்த நீளக் கைய, வெளிய நீட்டிக்கினு லோடு தூக்கினா கிரேன் வண்டி கவுந்துடுமே, அந்த மாதிரியா?”

“அதேதான். கையால தளர்த்திப் பாக்கலாம், கழுத்து கேட்டாலும் கேக்கலாம். கேரண்டி சொல்ல மாட்டேன்.”

அண்ணனை மல்லாக்கப் படுக்க வைத்தார். “ரிலாக்ஸா இருங்க” என்று கையை விரித்துக் காட்டினார். அண்ணன் கட்டையாக விறைத்தார். மூச்சும் நின்றது. மறுபடி “ரிலாக்ஸ்” என்று கை விரித்தார். முகம் சிவந்ததே தவிர, உடம்பு இளகவில்லை.

“இவ்வளவு இறுக்கத்துல நான் தொட மாட்டேன். ஆபத்து. கூட்டிட்டுப் போங்க.”

அண்ணன் கண்ணோரம் தண்ணீர் நின்றது. “கேட்டுல நாற்காலி போட்டு குந்த வெச்சிடுவாங்கபா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மேடம், நீங்க கைய கீழ எறக்குங்க. அவர நிறுத்தி வெச்சிருக்கறதே நீங்கதான்.”

அண்ணன் பார்வை படும் இடத்தில் போய் நின்றேன். உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்து, மெல்ல அசைத்தேன். இறக்கு. அண்ணன் கண் என் கையில் நிலைத்தது. தோள் இறங்கியது. தாடை தளர்ந்தது. மூச்சு வந்தது. அந்த அம்மா பொறுமையாக அழுத்தி, நீவி, தலையை ஏந்தித் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம்! என் இன்னொரு கை தானாக ‘நில்’ காட்டக் கிளம்பிவிட்டது. பிடித்து பாக்கெட்டுக்குள் திணித்தேன். காட்டியிருந்தால் அன்றைய கதை கந்தல்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. பலமுறை போனோம், நானும் கையுமாக. வீட்டில் உடற்பயிற்சி செய்ய வைக்க அண்ணியோடு சேர்ந்து நானும் கத்தினேன். ஆலையில் கேபின் இருக்கையையும் சரிசெய்தார்கள். பரிசோதனை நாளன்று இடம், வலம் இரண்டும் திருப்பினார். மெதுவாகத்தான். இருந்தாலும் முழுசாக. கிரேன் அவருக்கே என்றார்கள்.

வெளியே வந்ததும் மெல்லத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மேலேயிருந்து இத்தனை வருஷம் அவர் பார்த்தது என் ஹெல்மெட்டை. கழுத்து பிடித்த பிறகு என் செருப்பை.

“இன்னாபா, மீசையெல்லாம் நரச்சிப்போச்சி? எப்போ?”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று தோன்றியது. கையை விரித்து ‘நில்’ காட்டினேன். அப்படியே நின்றார்.