மடக்குக் கதிரையும் மாப்பிள்ளை வீடியோவும்

அண்ணாவின் கலியாணம் ஒன்று குழம்பியதற்கு நானும் ஒரு மடக்குக் கதிரையும்தான் காரணம். கதிரையில் பிழை இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணாவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலை வேலை. எனக்கு, நூலகத்தில் பழைய ஊமைப்படக் கசெட்டுகளை இரவல் எடுத்துப் பார்ப்பதே வேலை. (படிக்கத்தான் வந்திருந்தேன்.) எல்லாம் கடற்கரைக் கூத்துகள். குண்டுப் பொலிஸ்காரர் மணலில் விழுவார், ஐஸ்கிரீம் யாரோ ஒருவரின் தொப்பிக்குள் போகும், நான் கண்ணீர் வரச் சிரிப்பேன்.

அப்போது கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஆசிரியை. அவருடைய போட்டோ அண்ணாவின் பேர்ஸுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் அண்ணாவின் போட்டோ போதவில்லை.

"அதில கால் தெரியேல்லை. பெடியன் நடக்கிறதையும் கதைக்கிறதையும் வீடியோ எடுத்து அனுப்புங்கோ."

என் ஊமைப்படங்களைப் போலவே எடுப்பது என்று, இரவல் கமராவோடு அண்ணாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கோட், டை, கையில் உட்கார ஒரு மடக்குக் கதிரை.

"டேய், இது சரிவருமே?"

"சிரிச்ச சனம் வேண்டாமெண்டு சொல்லாது அண்ணா."

என்னை நம்பினார், பாவம். கதிரை விரலைக் கடித்தது. மூன்று தரம் விழுந்தார். அலை இழுத்துப்போன கதிரையைத் துரத்தி டையோடு கடலுக்குள் போனார். பிறகு கரையில் நின்று தன்னைப் பற்றி நாலு வார்த்தை கதைத்தார். ஊமைப்படம் அல்லவா, அந்தச் சத்தத்தை நான் நீக்கிவிட்டேன். (கலையாம்!)

பெண்ணின் அப்பா தொலைபேசியில் கேட்டார்: "பெடியன் பகலிலயும் குடிப்பாரோ? நிற்கேலாமல் விழுறார். வாய் அசையுது, சொல்லு வருகுதில்லை."

விளக்கினேன். விளக்க விளக்க, எதையோ மறைக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்.

கசெட் தபாலில் திரும்பி வந்தது. அண்ணா கண்டால் மனம் நோவார் என்று, பார்சலைப் பிரிக்காமலே என் சூட்கேசுக்கு அடியில் ஒளித்தேன். அவர் வேறொரு பெண்ணைக் கட்டி நகரின் தெற்கே பாபடோயிட்டோய்க்குக் குடிபோன பிறகு, நானும் வீடு மாறும்போதுதான் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டுக் கடிதம். வீடியோ எடுத்த எனக்கு அந்த ஆசிரியை எழுதியது.

"அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுறன். நாலு தரம் போட்டுப் பார்த்துச் சிரிச்சன். இவர் குடிகாரர் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அப்பாட்டை இன்னொருக்கா கேட்கச் சொல்லுங்கோ."

அதை இன்றுவரை அண்ணாவிடம் காட்டவில்லை. அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். (அண்ணி தங்கமான மனுசி.) ஆனாலும் அந்தப் பெண் எத்தனை நாள் பதிலுக்குக் காத்திருந்தாரோ என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டு விசேஷத்தில் நான் கமராவைத் தூக்கினால் போதும், "முதல் கதிரையளை ஒளிச்சு வையுங்கோ!" என்பார் அண்ணி. எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பவர் அண்ணாதான். நான் கமராவில் இருந்து முகத்தை எடுப்பதில்லை.