ஒரு வாக்கில் ஜெயித்த முள்ளெலி

இங்கிலாந்தில், வெயிலைவிட அறிவிப்புப் பலகைகள் அதிகம் உள்ள ஒரு காட்டில், எட்னா என்ற முள்ளெலி வாழ்ந்து வந்தாள். காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு தார்ச்சாலை போனது. அதைக் கடக்கும்போதுதான் அவள் கணவன் கார் சக்கரத்தில் சிக்கிச் செத்தான். அதே வருடம் இன்னும் பதினொரு முள்ளெலிகள் போயின. சாலைக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கப்பாதை போட்டால் போதும் என்று எட்னா எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதில் அந்தக் காட்டை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த வட்டாரத்துக்குப் பதினாறு வருடமாக ஜெரால்ட் என்ற நரிதான் மாவட்டக் கவுன்சிலர். தேர்தலுக்குத் தேர்தல், சாலைக் குழி ஒன்றைக் கவலையோடு சுட்டிக்காட்டும் படம் போட்ட துண்டறிக்கை அவரிடமிருந்து வரும். குழியும் அதேதான், படமும் அதேதான். முயல்கள் தவறாமல் அவருக்கே வாக்களித்தன. தேர்தல் மாதத்தில் மட்டும் அவர் முயல் சாப்பிடுவதில்லை. அதை அவை பெரிய மனசு என்று நினைத்தன.

இந்த முறை எட்னாவே போட்டியிட்டாள். குட்டிகளைப் பக்கத்து வளையில் விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ச் சுரங்கப்பாதையைப் பற்றிப் பேசினாள்.

நூற்றுக்கு இருபத்தேழு பேர்தான் வாக்களிக்க வந்தார்கள். மற்றவர்களுக்கு அன்று மழை. மறுநாள் காலை விளையாட்டுக் கூடத்தில் வாக்குகளை எண்ணினார்கள். ஆளுக்கு 287. மீண்டும் எண்ணினார்கள், அப்போதும் 287. மிச்சமிருந்தது செல்லாத சீட்டு என்று ஒதுக்கி வைத்த ஒன்றுதான். வாக்களிக்கப் போட வேண்டிய பெருக்கல் குறி அதில் இல்லை. ‘எல்லாரும் திருடர்கள், முள்ளெலி மட்டும் பரவாயில்லை’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். தேர்தல் அதிகாரியான நாரை அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வாக்காளரின் விருப்பம் தெளிவாக இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். எட்னா ஒரு வாக்கில் ஜெயித்தாள்.

திங்கட்கிழமை அவள் கவுன்சில் அலுவலகம் போய்ச் சுரங்கப்பாதைக்கான மனுவை நீட்டினாள். அங்கே எழுத்தரும் அந்த நாரைதான். மனுவை வாங்காமலே சொன்னார்.

“சாலை நம்ம கையில இல்லம்மா. அது நமக்கு மேல இருக்கிற கவுண்டி கவுன்சில். அதுக்கு வேற கட்டடம், வேற தேர்தல்.”

“அப்ப நம்ம கையில என்ன இருக்கு?”

“குப்பைத்தொட்டி.”

கவுண்டி கவுன்சிலில் சாலைக் குழுவின் தலைவர் யார் என்று விசாரித்தாள். ஜெரால்ட். அங்கேயும் தனியாக ஜெயித்து, அந்தப் பதவியில் அவர் இரண்டு வருடமாக இருந்தார். எட்னாவை அன்போடு வரவேற்று, டீ கொடுத்து, இதை முறைப்படி ஆராய ஏழு வருடம் ஆகும் என்றார். முள்ளெலியின் ஆயுசே ஐந்தாறு வருடம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

எட்னா திரும்பி வந்து அழுதாள். அப்புறம் குப்பைத்தொட்டியைப் பற்றி யோசித்தாள். முயல் கிடைப்பது எப்போதாவதுதான், ஜெரால்ட் பதினாறு வருடமாகத் தினமும் சாப்பிடுவது எந்தத் தொட்டியில் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அடுத்த கூட்டத்தில், எல்லாத் தொட்டிகளுக்கும் இறுக்கமான பூட்டுமூடி போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத கவுன்சில் அது. மாதக்கணக்கில் எதுவும் நிறைவேறாமல் இருந்ததால், எதற்காவது கை தூக்கினால் போதும் என்று எல்லாரும் ஏங்கிப்போயிருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மூன்றாவது வாரம் ஜெரால்ட் வந்தார். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

“மூடியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா, அம்மணி?”

“சுரங்கப்பாதை திறக்கிற அன்னைக்குத் தளர்த்துறேன்.”

ஏழு வருட ஆராய்ச்சி ஒன்பது நாளில் முடிந்தது. நான்கே மாதத்தில் சுரங்கப்பாதை தயார். ஜெரால்ட் ரிப்பன் வெட்டினார். கல்வெட்டில் அவர் பெயர் இருந்தது. எட்னா பெயருக்கு இடம் போதவில்லையாம். எட்னா சொன்னபடி மூடிகளைத் தளர்த்தினாள்.

ஆனால் அந்த நான்கு மாதமும் காக்கைகளுக்கும் அணில்களுக்கும்கூடத் தொட்டி திறக்கவில்லை. ஊரே கொதித்துப் போயிருந்தது. அடுத்த தேர்தலில் மழையிலும் நூற்றுக்கு எழுபது பேர் வந்து வாக்களித்தார்கள். ஜெரால்டுக்கு 1,204. எட்னாவுக்கு 296.

நாரை முடிவை வாசித்தபோது எட்னா கேட்டுக்கொண்டிருந்தாள். பாதை திறந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் ஒரு முள்ளெலிகூடச் சாகவில்லை. முடிவுத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

நீதி: உயிர் போகிற சாலையைக் கண்டுகொள்ளாத ஒருவரை மக்கள் மன்னித்துவிடுவார்கள், குப்பைத்தொட்டி மூடியில் கை வைத்தவரை ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள்.