எலும்பு வளர்க்கும் கயிறு

“எலும்பு தேயறது பொம்பளைங்க சமாச்சாரம்னுதான்...”

“ஆம்பளைங்களுக்கு உள்ள என்ன, இரும்புக் கம்பியா ஓடுது?”

“என்னைச் சொல்ல விடுறியா...”

“தும்மினதுக்கே விலா எலும்பு முறிஞ்ச மனுஷன் நீங்க. என்னத்தச் சொல்லப்போறீங்க?”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தையற்காரம்மா சட்டை செய்யவில்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான அவள் கணவருக்கு ஆஸ்துமா. வருஷக்கணக்காக எலும்பை அரிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. போதாததற்கு சிகரெட். “நாளைக்கே எலும்பு ஸ்கேன் எடுங்க, அடுத்தது இடுப்பெலும்பா இருந்தா படுக்கைதான்” என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனுஷனோ எலும்பை வளர்த்துத் தருவதாகச் சொல்லும் எலும்பு ஞானியைத் தேடி இந்த வாடகை மாடிக்கு வந்துவிட்டார்.

ஊரே வந்திருந்தது. நாற்பதிலேயே மாதவிடாய் நின்றவர்கள், தாய்க்கு இடுப்பு முறிந்தவர்கள், கூன் விழத் தொடங்கிய ஆண்கள். ஸ்கேன் அறை வாசலில் நிற்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஞானியின் வாசலில்.

வித்தை எளிது. குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை கயிற்றை விறைப்பாக இழுத்து, உச்சியில் ஒரு முடிச்சு. பிறகு முதுகில் எண்ணெய். மறுபடி அளந்தால் முடிச்சு புருவத்தோடு நின்றுவிடும்.

“பாரு, நாலு விரல் வளர்ந்துட்ட. ஸ்கேனு கீனு ஒண்ணும் வேணாம்.”

கூட்டம் வாயைப் பிளந்தது. எண்ணெய்ப் புட்டிகள் பறந்தன. டிரைவரும் வளர்ந்தார்; பேன்ட் மட்டும் பழையபடி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

கையருகே தொங்கிய கயிற்று நுனியைத் தையற்காரம்மா நெருடிப் பார்த்தாள். முப்பது வருஷம் இடுப்புப்பட்டி தைத்த விரல்.

“ஐயா, இந்த நாற்காலியையும் அளந்து பாக்கட்டுமா?”

“அதுக்கு எதுக்கும்மா?”

“அதுவும் ஆடிக்கிட்டுதான் இருக்கு, பாவம்.”

ஞானி கை நீட்டுவதற்குள் கயிற்றை இழுத்து, நாற்காலி முதுகின் உயரத்துக்கு முடிச்சுப் போட்டாள். பிறகு தளர விட்டாள். முடிச்சு ஒரு சாண் கீழே இறங்கியது.

“எண்ணெய் தடவாமலே வளர்ந்துடுச்சு. உள்ள எலாஸ்டிக்குங்க. இத்தனை நாளும் கயிறு திரிச்சிருக்காரு.”

ஞானி புட்டி தேடுபவர்போலக் குனிந்தார், பின்வாசலில்தான் நிமிர்ந்தார்.

“ஆனாலும் எனக்கு வலி தேவலைதான்” என்றாள் ஒருத்தி.

“முதுகத் தேச்சுவிட்டா யாருக்குத்தான் இதமா இருக்காது, அக்கா? எலும்பு உள்ள எப்படியிருக்குன்னு எண்ணெய் சொல்லுமா?”

டிரைவர் மெல்லக் கேட்டார்: “அந்த ஸ்கேன்ல வலிக்குமா?”

“சும்மா படுத்துக் கிடந்தா போதும். வீட்டுல பண்றதுதானே.”

கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“உச்சந்தலை எங்க இருக்குன்னு அவன் அளந்து சொல்ற வரைக்கும் அசையாம நின்னீங்களே, அதுக்குள்ள இருக்கிறத எப்பத்தான் உபயோகிக்கப் போறீங்க?”