எங்கிட்ட ஓடுதே!

‘எங்கிட்ட ஓடுதே’ என்று ஓர் இனம் உண்டு. காடு மலை ஏறித் தேட வேண்டாம், மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கப் போனால் கடையிலேயே தரிசனம் கிடைக்கும். உங்கள் வீட்டில் மூன்று நாள் மூச்சே விடாமல் கிடந்த மிக்சியைத் தன் பிளக்கில் செருகி, அது கிர்ரென்று உறுமியதும் உங்களை ஒரு பார்வை பார்ப்பாரே, வயிற்றுவலி என்று ஸ்கூலுக்கு மட்டம் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல? அவர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, நடுவில் நசுங்கி நிற்பவரிடம் “நல்லாத்தானே காத்து வருது” என்பவரும், காரத்தில் கண் கலங்கி நிற்கும் விருந்தாளியிடம் “எனக்கு உறைக்கலையே” என்பவரும் இவருக்குப் பங்காளிகள். இவர்கள் பொய் சொல்வதே இல்லை. அதுதான் சங்கடம். அவர்களிடம் உண்மையிலேயே ஓடுகிறது.

இந்த இனம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்துக் காய்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டர்காரர்களிடம் போக வேண்டும். ஜெய்சங்கரிடம் போவோம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறார். திருவெறும்பூர்ப் பக்கம் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. மோட்டாரையும் வால்வையும் தானாகவே இயக்குகிற உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறார். நன்றாகவே எழுதுவார். அவர் மேஜையில் ஒரு போர்டு இருக்கிறது, புதுசு, பெரிசு, கம்பெனியிலேயே விலை உயர்ந்தது. அதில் அவர் எழுதியது எதுவும் ஓடாமல் இருந்ததில்லை.

வாடிக்கையாளர்களிடம் ஓடாது. அது வேறு கதை. அந்த வேறு கதையைத் தினமும் அவரிடம் வந்து சொல்வது அல்ஃபியாவின் வேலை. புரோகிராமை வெளியே அனுப்புமுன் சோதித்துப் பார்க்கும் இன்ஜினியர் அவள்.

“சார், சின்ன போர்டுல ஓடலை சார்.”

“என் டேபிள்ல ஓடுதேம்மா.”

“உங்க டேபிள்ல இருக்கறது வேற சார். அதுல இருக்கற லைப்ரரி வேற, இதுல இருக்கறது வேற.”

“லைப்ரரி எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு.”

லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கிற இடம் இல்லை. ஒரு சி புரோகிராம் தனக்கு வேண்டியதை எல்லாம் தானே செய்துகொள்ளாது. மணி பார்க்க, கணக்குப் போட, திரையில் ஓர் எழுத்தைக் காட்ட, எல்லாவற்றுக்கும் போகிற இடத்து அடுக்களையை நம்பித்தான் போகும். அந்த அடுக்களைதான் சி லைப்ரரி. ஜெய்சங்கரின் மேஜையில் இருப்பது கல்யாண மண்டபத்து அடுக்களை, கேட்டது கிடைக்கும். வாடிக்கையாளரின் சின்ன போர்டில் இருப்பது ஒற்றை ரூம்காரனின் ஒற்றை அடுப்பு. அங்கே போய் நின்றுகொண்டு, பெரிய பரிசாரகரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்?

இதிலொரு வேடிக்கை உண்டு. அப்படி யாரும் வராதபோது அந்த போர்டு, ‘நீங்கள் கூப்பிட்டவர் இங்கே இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லாது. வந்து நிற்கிற புரோகிராமையே பார்த்து, ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று சொல்லும். பட்டியல் போட்டுப் பார்த்தால் ஃபைல் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் இல்லை என்னும். கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிற இந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது என்பதில் ஜெய்சங்கரின் மனைவி பானுவுக்குச் சந்தேகமே கிடையாது. அலமாரியைத் திறந்து, நேரெதிரே தொங்குகிற நீலச் சட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டே “காணோம்” என்பவரோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் அவள்.

வெளியூர் போனாலும் அதே கதைதான். ஜெய்சங்கர் ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கிளம்பிவிடுவார். “துண்டு?” “அங்க இருக்காதா?” “சோப்பு?” “அங்க இருக்காதா?” போன இடத்தில் இல்லை என்றால் குறை அவருடையது அல்ல, அந்த வீட்டினுடையது.

இப்படிப்பட்டவர்தான் தம் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாருக்குத் தானியங்கி செய்து மாட்டியிருந்தார். கீழே கிணற்றில் தண்ணீர், மேலே டேங்க். குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். இரண்டு வருஷமாக ஒழுங்காகவே ஓடியது, ஏனென்றால் அந்தப் புரோகிராமைச் சின்ன போர்டுக்கு ஏற்றபடி கட்டிக் கொடுத்தது அல்ஃபியா. அந்த விவரத்தை ஜெய்சங்கர் எப்போதோ மறந்துவிட்டார். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியையும் அதன் பச்சைப் பொத்தானையும், ‘இனி இதில் மனுஷர் கை படவே வேண்டாம்’ என்று காயலான் கடைக்கு அனுப்பியதுதான் அவருக்கு நினைவிருந்தது.

வந்தது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள். மறுநாள் விடியுமுன் சொர்க்கவாசல் திறப்பு. ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஹாலில் பாய், பால்கனியில் பாய். அத்தனை பேரும் அதிகாலையில் எழுந்து, ஒரே சமயத்தில் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். ஜெய்சங்கர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து பானுவின் சித்தி ஜெகதாம்பாள் வந்திருந்தாள். அவள் எங்கே போனாலும் சொந்த டம்ளர், சொந்த பக்கெட், துணி காயப்போடச் சொந்தக் கயிறு. வந்து இறங்கியதும், காபியைக்கூடத் தொடாமல் முதலில் குழாயைத் திறந்து பக்கெட்டை நிரப்பி மூடி வைத்தாள்.

“இந்த வருஷம் நீங்களும் எங்ககூட வர்றீங்க. ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் பானு. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு போர்டு படுத்துவிடும். அவர் போனும் கையுமாக நிற்பார். இந்த வருஷம் வாக்குக் கொடுத்திருந்தார்.

“வரேன் வரேன். ஒரு சின்ன வேலை மட்டும் இருக்கு.”

அன்று காலையில் அவருக்கு ஓர் ஆசை தோன்றியிருந்தது. டேங்க் நிரம்பியதும் எல்லா வீட்டுப் போனுக்கும் ‘டேங்க் நிரம்பியது, ஏகாதசி வாழ்த்துகள்’ என்று செய்தி போனால் விருந்தாளிகள் முன்னால் எப்படி இருக்கும்? வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பெரிய போர்டில் எழுதி ஓட்டிப் பார்த்தார். ஓடியது. கீழே போய் மோட்டார் ரூம் போர்டில் பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார்.

அப்படி ஒரு ஃபைலே இல்லை, என்றது போர்டு.

மத்தியானத்துக்குள் மூன்றாவது மாடிக் குழாய்கள் காற்றை மட்டும் விட ஆரம்பித்தன. குடியிருப்புச் செயலாளர் ரெங்கநாதன், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றார்.

“என்ன சார், தண்ணி ஏறலையாமே?”

“என் டேபிள்ல ஓடுது சார்.”

“அப்ப எங்க வீட்டு ஜனத்தை எல்லாம் உங்க டேபிளுக்கு அனுப்பி வைக்கவா, குளிக்க?”

“ஒரு நிமிஷம் சார். லைப்ரரிதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன்.”

“நீங்க லைப்ரரி போறது அப்புறம் இருக்கட்டும், முதல்ல மோட்டாரைப் பாருங்க!”

கவனியுங்கள். ஜெய்சங்கர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அந்த இனம் ஆபத்தாவதே இந்த நிமிஷத்தில்தான். சின்ன போர்டின் லைப்ரரிக்கு ஏற்றபடி புரோகிராமைக் கட்டியிருக்க வேண்டியவர், ‘என்னிடம் இருப்பது அதனிடம் இல்லை, அவ்வளவுதானே?’ என்று தம் மேஜையின் லைப்ரரியை அப்படியே தூக்கி அதன் தலையில் காப்பி செய்தார். விருந்துக்குப் போன இடத்தில் பிடித்த குழம்பு இல்லை என்று, அந்த வீட்டு அடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் வீட்டு அடுப்பை நட்டமாதிரி. அதுவரை ஒரு புரோகிராம் ஓடவில்லை. இப்போது எதுவுமே ஓடவில்லை. பட்டியல் காட்டு என்றால் காட்டவில்லை. அழி என்றால் அழிக்கவில்லை. போர்டில் ஏற்கெனவே குடியிருந்த அத்தனை கட்டளைகளும் அந்தப் பழைய அடுப்பில்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

உறவினர் கல்யாணத்துக்காக வையம்பட்டி போயிருந்த அல்ஃபியாவுக்குப் போன் போனது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு நடுவே அவள் கேட்டாள்.

“சார், பழைய லைப்ரரி மேலயே காப்பி பண்ணிட்டீங்களா?”

“ஆமாம்மா.”

அவள் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி, வாசலுக்கே வந்துவிட்டாள்.

“இனிமே அதைத் தொடாதீங்க சார். ஒரிஜினல் மெமரி கார்டு ஆபீஸ்ல என் டிராயர்ல இருக்கு. நாளைக்கு மத்தியானம் வந்து போட்டுத் தரேன்.”

“விடியக்காலம் குளிக்கணுமேம்மா. சொர்க்கவாசல்!”

“எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேரா கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லுங்க சார்.”

“அவர் திருவெள்ளறைக்காரர். ஊருக்குப் போயிட்டார். போனை எடுக்கலை.”

“அப்ப ஒண்ணுதான் சார் வழி. உங்க டேபிள்ல ஓடுதுல்ல? அதையே தூக்கிட்டுப் போய் அங்க வைங்க.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஜெய்சங்கருக்குக் கேலி உறைக்காது. அந்தப் பங்காளிக்குக் காரம் உறைக்காததுபோலத்தான். துள்ளிக்கொண்டு மாடி ஏறினார். பெரிய போர்டைத் தட்டில் ஏந்தி, தொங்குகிற ஒயர்களை பானு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, பின்னால் லேப்டாப், அதற்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு ரெங்கநாதன் என்று அந்த ஊர்வலம் படியிறங்கியது. விருந்தாளிகள் வழிவிட்டு நின்றார்கள். உற்சவ மூர்த்தி என்று நினைத்தோ என்னவோ, ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மோட்டார் ரூமில் ஓடியது! சத்தியமாக ஓடியது. மோட்டார் கிர்ரென்றதும் மூன்று மாடிகளிலும் கைதட்டல். ஜெய்சங்கர் ரெங்கநாதனைத் திரும்பிப் பார்த்தார். எந்தப் பார்வை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் லேப்டாப்பை மூடினால் போர்டு நின்றது. அதற்குச் சாப்பாடு, அதாவது கரண்ட், லேப்டாப் வழியாகத்தான். லேப்டாப் திறந்திருந்தாலும், டேங்கிலிருந்து தண்ணீர் மட்டம் சொல்லும் சென்சர் ஒயர் பெரிய போர்டின் துளையில் பொருந்தாமல் நழுவியது. கட்டிப் பார்த்தார், ஒட்டிப் பார்த்தார். ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் நின்றது. அதுவும் அவர் விரலால், முக்காலி போட்டு உட்கார்ந்தபடி. ரெங்கநாதன் பிடித்தால் கை நடுங்கி மோட்டார் விக்கியது.

மிச்சம் எதற்கு? விடியுமுன் டேங்க் நிரம்புவதும், அத்தனை பேரும் குளித்துக் காலி செய்வதும், மறுபடி நிரம்புவதுமாக இருந்தது. ஜெகதாம்பாள் சித்தி யாரையும் எதிர்பார்க்காமல் தன் பக்கெட்டிலேயே குளித்து முடித்து, முதல் ஆளாக வாசலில் நின்றாள். “ஒருத்தர் வீட்டுல என்ன இருக்கும் என்ன இருக்காதுன்னு நமக்கென்ன தெரியும்?” என்றாள் பொதுவாக, காற்றைப் பார்த்து. குடியிருப்பே ஈரத் தலையும் நாமமுமாகக் கோயிலுக்குப் போனது. பானு மோட்டார் ரூமை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சித்தியோடு நடந்தாள். ஆளில்லாத வீடுகளுக்கு ‘டேங்க் நிரம்பியது, ஏகாதசி வாழ்த்துகள்’ என்ற செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்தது.

நன்றாக விடிந்தபின் பானு திரும்பி வந்தாள். ஜெய்சங்கர் அதே முக்காலியில், மடியில் லேப்டாப், ஒயர்மேல் விரல்.

“திறந்தாச்சு. உள்ள போனோம், வெளியவும் வந்தாச்சு” என்றாள்.

“கூட்டமா?”

“கால் தரையில படலை. பெருமாளைக் கண்ணால பார்த்தது ஒரு நொடி. அதுவும் முன்னாடி நின்னவர் தலைக்கு மேல.”

“அப்படியா? என் போன்ல லைவ்ல நல்லாத் தெரிஞ்சுதே.”

பானு கொண்டுவந்த காபி டம்ளரை எதிர்ச் சுவரோரம் இருந்த திட்டின்மேல் வைத்தாள்.

“காபி அங்க இருக்கு. காணோம்னு சொல்லாதீங்க.”

அவர் இடக் கையை நீட்டினார். உடம்பைச் சாய்த்தார். வலக்கை விரல் ஒயரில் கொஞ்சம் நழுவ, மோட்டார் விக்கியது. கோயிலிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்த மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. விரலை அவசரமாக அழுத்திக்கொண்டார்.

“எட்டலையே, பானு.”

பானு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

“எனக்கு எட்டுதே” என்றாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் மைத்துனர் நினைவுக்கு வருகிறார், மேலதிகாரி நினைவுக்கு வருகிறார், அந்த மிக்சிக் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். நல்லது. கையோடு உள்ளே எட்டி, வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்? எதற்கு, நம்ம வீட்டில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்கிறீர்களா?

சரிதான். உங்களிடம் ஓடுகிறது.