ஒரு பக்கக் குரல்

"காலைல இருந்து யார்ட்டயும் ஒரு வார்த்தை பேசல. தனியாத்தான் சாப்பிட்டாவ. முகம் வாட்டமாத்தான் இருக்கு."

பதிவு அத்தோடு முடிந்தது. வெங்கி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். செம்பூரில் அந்த மூன்று மாடி கால் சென்டருக்கு அவன்தான் மேனேஜர்.

"யாரைப் பத்திப் பேசறா, தெரியறதா மௌலி சார்? என்னைப் பத்தி! நேத்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. யாரோடயும் பேசல. கேபின்ல தனியாத்தான் சாப்பிட்டேன்."

சந்திரமௌலி தலையாட்டினார். மூன்றாம் மாடி மூலையில், நெட்வொர்க் பிரிவில் பதினெட்டு வருஷம். தலையாட்டியே காலம் தள்ளியிருந்தார்.

"தமிழ் டெஸ்க்ல உட்கார்ந்துண்டு இந்த ஃபர்ஸானா தினம் ஒண்ணரை மணிக்கு யாருக்கோ ரிப்போர்ட் பண்றா. எதிர்ப்பக்கக் குரல் எங்கே?"

"அது வரல சார்."

"ஏன் வரல?"

"பாக்கறேன் சார்."

ஏன் வரவில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி நெட்வொர்க். வெளியிலிருந்து வரும் குரல் எல்லாம் தரைத்தள நெட்வொர்க் வழியாகத்தான் ஏறும். பதிவு மெஷின் எதில் செருகியிருக்கிறதோ அது மட்டும்தான் அதன் காதில் விழும். தமிழ் டெஸ்க் இருந்த மூன்றாம் மாடிக்கு அவர் ஏஜெண்டுகள் பக்கத்தை மட்டும் இணைத்துவிட்டு, மறுபக்கத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டார். அடுத்த வாரம் ஒன்றரை வருஷமாகிவிட்டது. நடுவில் ஆடிட் வந்தபோது, எல்லா மாடிகளிலும் இரண்டு பக்கப் பேச்சும் பதிவாகிறது என்று கையெழுத்தும் போட்டிருந்தார். பதிவை யாராவது போட்டுக் கேட்பார்கள் என்று அவர் கண்டாரா?

அன்று மத்தியானமே வேலையில் இறங்கினார். தரைத்தளத்தில் ஓடுகிற பேச்சு மொத்தத்துக்கும் ஒரு நகல் மெஷினுக்குப் போகும்படி செய்தார். நகலின் பாரம் தாங்காமல் நெட்வொர்க் படுத்துக்கொண்டது. மூன்று மாடியிலும் நாற்பது நிமிஷம் போன் இல்லை.

"சதி!" என்றான் வெங்கி. "நாம மோப்பம் பிடிச்சது அவாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உடனே லைனைக் கட் பண்ணிட்டா!"

அது தன் கைங்கரியம் என்பது சந்திரமௌலிக்கு மட்டும்தான் தெரியும்.

"பாக்கறேன் சார்."

மறுநாள் ஸ்டோரில் கிடந்த பழைய மெஷினைத் தூசி தட்டி எடுத்துத் தரைத்தளத்தில் வைத்தார். புதியது ஏஜெண்டைக் கேட்கும், பழையது வாடிக்கையாளரைக் கேட்கும், இரண்டையும் ஒட்டிவிடலாம். ஒட்டியும் விட்டார். ஆனால் பழைய மெஷினின் கடிகாரம் ஏழு வினாடி முந்தி ஓடியது. பதில் முதலில் வந்தது, கேள்வி பின்னால் வந்தது.

"தனியாத்தான் இருக்காவ."

"எத்தனை மணிக்குக் கிளம்புவார்?"

"ஆமா, நீலச் சட்டைதான்."

"கூட யாராவது இருக்காளா?"

வெங்கி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நீலம். முகம் வெளிறிவிட்டது.

"கடத்தல் மௌலி சார்! என்னைத் தூக்கப் போறா!"

அன்று சாயங்காலம் அவன் இரண்டு செக்யூரிட்டிகள் நடுவில் காருக்குப் போனான். ஹெட் ஆபீசுக்கு மெயிலும் போய்விட்டது. நாளைக் காலைக்குள் சுத்தமான பதிவு வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

சந்திரமௌலி மறுபடி மெஷின் முன் உட்கார்ந்தார். கேள்வியும் பதிலும் சரியாகச் சேர்ந்தால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். தன் கையெழுத்தும் தப்பித்துவிடும் என்பதையும் நினைத்துக்கொண்டார். அன்றைய பதிவிலேயே அந்த ஏழு வினாடியைக் கழித்து, இரண்டு குரலையும் மறுபடி ஒட்டினார். திரையில் இரண்டு பச்சைக் கோடுகளும் ஒன்று மாற்றி ஒன்று அழகாக ஏறி இறங்கின. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சல் இல்லை, இடைவெளி இல்லை என்று பார்த்தார். திருப்தியாக ஃபைலை அனுப்பினார்.

காலையில் ஹெட் ஆபீஸ் முதல் அரை நிமிஷம் மட்டுமே கேட்டது.

"இன்னிக்காவது யாரோடயாவது பேசினாரா?"

"இல்ல மாமி. குனிஞ்ச தலை நிமிரல."

"போதும், நிறுத்துங்க," என்றார்களாம். கடத்தல் இல்லை. ஆனால் ஆபீஸ் ஆளைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசினது குற்றம். யார் அந்த மாமி என்று ஃபர்ஸானாவை மூன்று முறை கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். பதினொரு மணிக்கு வேலை போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு, மூன்று மாடிகளையும் ஒழுங்காகப் பதிவு செய்ததற்காகச் சந்திரமௌலிக்குப் பாராட்டு மெயில் வந்தது.

லிஃப்ட் வாசலில் அவளைப் பார்த்தார். ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் இருந்தன. அழுது முடித்த கண்கள். தாராவியில் வாப்பா படுக்கையில் கிடக்கிறார், இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று அவர் யார் சொல்லியோ கேட்டிருந்தார். பார்க்காத மாதிரி போய்விட நினைத்தார். ஆனால் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் மெஷினைத்தான் சரி பண்ணினேன்மா," என்றார். "என்ன பேசறான்னு நான் கேக்கறதில்ல. சத்தம் சரியா விழறதான்னு மட்டும்தான் பாப்பேன்."

"தெரியும் சார்."

"ஆனாலும் யாரோ ஒரு வெளி மனுஷிக்கு இங்கே இருக்கறவாளைப் பத்தித் தினம் சொல்லலாமா?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ஃபர்ஸானா உள்ளே போய், அவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"வெளி மனுஷி இல்ல சார், ஒங்க வீட்டு மாமிதான். 'ஆத்துல வாயே தொறக்க மாட்டேங்கறார், அங்கேயாவது யாரோடயாவது பேசறாரா, பாத்துச் சொல்லேன்'னு தெனமும் கேப்பாவ."