டி கிரேடு கணையம்

ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலை. அதன் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் லோகநாதன் சூப்பரின்டெண்டென்ட். யாருக்கு எந்த கிரேடு என்று நிர்ணயிப்பது அவர் திருப்பணி. கடவுளே வேலைக்கு வந்து நின்றாலும் கடைசிப் படியான டி கிரேடில்தான் சேர்த்திருப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், கோவில்பதாகையில் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வலி முதுகுவரை துளைத்தது. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அப்போது அது புதுசு. எடுத்துக்கொண்டவருக்கு அக்கம்பக்கத்தில் தனி மரியாதை.

டாக்டர் ஜமீலா படத்தைப் பார்த்தார். "பித்தப்பைக் கல் இறங்கிக் கணையம் வீங்கியிருக்கு சார். கிரேடு டி."

லோகநாதனுக்கு வலியே மறந்துவிட்டது.

"டியா? எனக்கா? பக்கத்துக் கட்டில்ல எங்க கேன்டீன் வரதன், அவனுக்கும் இதே வியாதிதானே?"

"ஆமா. அவருக்கு ஏ."

வரதன் போர்வைக்குள்ளிருந்து பதறினான். "நான் ஒண்ணும் கேக்கல சார்! அவுங்களா குட்த்தாங்க. வோணும்னா நீங்க எட்த்துக்கோங்க."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "ஏ-ன்னா படத்துல கணையம் சாதாரணமாத் தெரியுது. பி, சி-ன்னு போகப் போக ஆபத்து அதிகம். உங்களுக்குப் பக்கத்துல நீர் கோத்திருக்கு. ஈ ஆயிட்டா உயிருக்கே போராட்டம்."

"அப்போ ஈ-தான் உச்சமா?"

"ஏங்க!" மனைவி தாட்சாயிணி தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்குமா பிரமோஷன்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூக்கில் குழாயும் கையில் ஊசியுமாய், பச்சைத் தண்ணீருக்குக்கூட வழியில்லாமல் கிடந்தார். "எப்படியாவது ஒரு படி ஏத்தி சி போடுங்கம்மா" என்று, ஊழியர்கள் தம்மிடம் கெஞ்சிய அதே குரலில் டாக்டரிடம் கெஞ்சினார். பிழைத்தார்.

ஆபீசுக்கு வந்ததும் சிறப்பு மருத்துவ விடுப்பு கேட்டார். உதவியாளர் எத்திராஜ், ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்த கிரேடை வைத்துக் குறிப்பெழுதிய கோப்பை நீட்டினான்: 'டி கிரேடினருக்கு இவ்விடுப்பு பெறத் தகுதியில்லை. ஏ கிரேடினரான திரு. வரதனுக்கு முழுமையாக வழங்கலாம்.'

"இன்னா சார் பண்றது, ரூலு அப்டி கீது."

லோகநாதன் குறிப்பை இரண்டு தடவை படித்தார். ஓர் ஓட்டையும் இல்லை. எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். "பிரமாதமா எழுதியிருக்கேய்யா!" என்றார். கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் பிரிவில் பாதிப் பேருக்கு வயிற்று வலி. "டாக்டரம்மா, பார்த்து ஏ போடுங்க" என்று ஸ்கேன் அறை வாசலில் ஒரே நெரிசல். தள்ளுமுள்ளு வராமல் லோகநாதனே அவர்களைப் பணிமூப்புப்படி நிறுத்திவைத்தார்.

பிறகு, எல்லோருக்கும் முன்னால் போய்த் தாம் நின்றுகொண்டார்.